ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குப் போட்டிக் கணக்கை எப்படிச் சொல்லித் தருவது?

நொய்யல்கரை (திருப்பூர்) | ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளித் தேர்வில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்ததில்லை. அடுத்த மாதம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான கணிதப் போட்டி ஒன்றை எழுதப் போகிறாள். 40 நிமிடத்தில் 25 வினாக்கள். பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு நேற்று இரவு இருவரும் உட்கார்ந்தோம். மூன்றாவது வினாவில் மாட்டிக்கொண்டோம்.

"ஒரு பட்டியில் ஆடுகளும் கோழிகளும் இருக்கின்றன. தலைகளை எண்ணினால் 36. கால்களை எண்ணினால் 100. ஆடுகள் எத்தனை?"

நான் பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவன். எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். ஆடு எக்ஸ், கோழி ஒய். இரண்டையும் கூட்டினால் 36. நான்கு எக்ஸும் இரண்டு ஒய்யும் சேர்ந்தால் 100. ஒன்றை இரட்டித்து மற்றதிலிருந்து கழித்தால் ஆடு 14. அவள் அப்படியே எழுதிக்கொண்டாள், மனப்பாடமும் செய்துவிட்டாள். இன்று காலையில் அதே தாளில் இன்னொன்று: "ஸ்டாண்டில் ஆட்டோக்களும் இருசக்கர வண்டிகளும் சேர்த்து 20. சக்கரங்கள் 47. ஆட்டோ எத்தனை?" பென்சிலைப் பிடித்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். "எக்ஸ் எதற்கு வைக்க வேண்டும் அப்பா?" என்று கேட்டாள். நேற்றுத்தானே சொன்னேன் என்று குரலை உயர்த்திவிட்டேன். அழுதுவிட்டாள். அந்த மன வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொரு வினா எனக்கே புரியவில்லை. "இருட்டறையில் ஒரு பெட்டி. அதில் சிவப்புப் பனியன் 10, நீலம் 8, வெள்ளை 6. ஒரே நிறத்தில் 3 பனியன்கள் கட்டாயம் கிடைக்க வேண்டுமானால் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்?" எனக்கு 19 வருகிறது. விடைத்தாளில் 7 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

சாக்பீஸ் (அந்தியூர்) | ஞாயிறு இரவு

தம்பி, முதலில் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. எக்ஸ் எதற்கு என்று பத்து வயதில் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கணக்கு எக்ஸுக்காகப் போடப்பட்டதே அல்ல.

நான் அரசுப் பள்ளியில் 22 ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தக் கணக்கை எங்கள் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்வேன். ஆடு கிளுவை வேலியில் தழை கடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னங்கால் இரண்டையும் வேலிமேல் தூக்கி வைத்துப் பின்னங்காலில் நிற்கும். இப்போது பட்டியில் உள்ள எல்லா ஆடும் ஒரே நேரத்தில் அப்படி நிற்கிறது. தரையில் எத்தனை கால்? கோழிக்கு இரண்டு, ஆட்டுக்கும் இரண்டு. 36 தலைக்கு 72 கால். மொத்தம் 100. அப்படியானால் வேலிமேல் இருப்பவை 28. ஓர் ஆட்டுக்கு இரண்டு கால் மேலே. 28-ல் பாதி 14. ஆடு 14, கோழி 22. சரிபார்க்க: 56-ம் 44-ம் கூட்டினால் 100.

இதைச் சொன்னதும் வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள் எழுந்து கையைத் தூக்கி ஆடு மாதிரி நிற்பார்கள். நிற்கட்டும். கணக்கு உடம்புக்குள் இறங்குகிறது.

இது பழைய கணக்கும்கூட. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய சீனக் கணித நூல் ஒன்றில் கோழியும் முயலுமாக வருகிறது: தலை 35, கால் 94. அதிலுள்ள வழி இன்னும் சுருக்கமானது. காலைப் பாதியாக்கு, 47. தலையைக் கழி, 12. முயல் 12, கோழி 23. ஏன் பாதியாக்க வேண்டும் என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். ஒவ்வொன்றும் தன் காலில் பாதியை மட்டும் ஊன்றி நின்றால் கோழிக்கு ஒரு கால், முயலுக்கு இரண்டு கால் என்று அவளே சொல்வாள். சொல்லாவிட்டாலும் நாளைக்குச் சொல்வாள். அவசரம் வேண்டாம்.

பயிற்சியாளர் (கோவை) | திங்கள் காலை

ஆசிரியர் ஐயா மீது மரியாதை உண்டு. ஆனாலும் மாறுபடுகிறேன். ஒன்பது ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைப் போட்டிக்குத் தயார் செய்கிறேன். 40 நிமிடம் என்பது 2,400 விநாடி. 25-ஆல் வகுத்தால் ஒரு வினாவுக்கு 96 விநாடி. அதற்குள் வினாவைப் படித்து, புரிந்துகொண்டு, போட்டு, விடையையும் குறிக்க வேண்டும். ஆடு வேலியேறும் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்க்க நேரம் எங்கே? தலையை இரண்டால் பெருக்கு, காலிலிருந்து கழி, மிச்சத்தை இரண்டால் வகு. மூன்றே படி. இருபது கணக்கு போட்டால் கைக்கு வந்துவிடும். பெற்றோர் பணம் கட்டி அனுப்புவது குழந்தை மேடையேற வேண்டும் என்பதற்காக. அந்த ஆசையை நான் தவறாக நினைக்கவில்லை.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி) | திங்கள் மதியம்

நொய்யல்கரைக்கு: 7 அச்சுப் பிழை அல்ல. உங்கள் 19-ம் சரியான எண்தான், ஆனால் வேறொரு கேள்விக்கு.

கெட்ட நேரம் பிடித்த ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கை வைத்தாலே வேண்டாதது வரும். ஒரே நிறத்தில் மூன்று வேண்டும் என்றால் அவனுக்கு எவ்வளவு இழுத்தடிக்கும்? சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு, வெள்ளை இரண்டு. ஆறு எடுத்தும் ஒரு நிறத்திலும் மூன்று சேரவில்லை. ஏழாவதாக எதை எடுத்தாலும் ஏதோ ஒரு நிறம் மூன்றாகிவிடும். அவனுக்கே ஏழில் கிடைத்துவிடும் என்றால் எல்லோருக்கும் கிடைக்கும்.

"ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றாவது வேண்டும்" என்று கேட்டிருந்தால்தான் 19. அவன் சிவப்பு பத்தையும் நீலம் எட்டையும் எடுத்துத் தீர்த்த பிறகே பத்தொன்பதாவதாக வெள்ளை வரும். பெட்டியில் 10 இருக்கிறது, 8 இருக்கிறது என்ற எண்கள் முதல் கேள்விக்குத் தேவையே இல்லை, மூன்று நிறம் என்பதும் ஒவ்வொன்றிலும் மூன்றுக்குக் குறையாமல் இருப்பதும் போதும். கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தைத்தான் இந்த வினா பிடிக்கிறது.

சாக்பீஸ் (அந்தியூர்) | திங்கள் மாலை

தோப்பு அண்ணன் அருமையாகச் சொன்னார். இதைப் புறாக்கூண்டுக் கொள்கை என்பார்கள். கூண்டைவிடப் புறா அதிகமானால் ஏதோ ஒரு கூண்டில் ஒன்றுக்கு மேல் இருந்தே ஆக வேண்டும், அவ்வளவுதான். பெயர் குழந்தைக்கு வேண்டாம், கெட்ட நேரக்காரன் போதும்.

ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த வினாவின் உயிர் "கட்டாயம்" என்ற சொல்லில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மூன்று எடுத்தாலே அதிர்ஷ்டத்தில் கிடைக்கலாம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அச்சான தாளை எடுத்து வரும்போது இந்தச் சொல்லில்தான் விழுகிறார்கள். கணக்கு தெரியும், வினா தெரியாது. அதே தாளை நான் தமிழில் எழுதிக் கொடுத்தபோது வகுப்பில் பாதிப் பேர் ஏழு என்றார்கள். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவர்களுக்கு மொழிதான் குறுக்கே நிற்கிறது.

நொய்யல்கரை (திருப்பூர்) | திங்கள் இரவு

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்ததும் ஆட்டுக் கதையைச் சொன்னேன். முடிக்க விடவில்லை. "அப்படியானால் ஆட்டோ முன் சக்கரத்தைத் தூக்கட்டும்" என்றாள். 20 வண்டிக்குத் தரையில் 40 சக்கரம், மேலே 7, ஆட்டோ 7. அவ்வளவுதான், அரை நிமிடம் ஆகவில்லை.

பிறகு அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். ஆறு கால் எறும்பும் எட்டுக் கால் சிலந்தியும் சேர்ந்து 10 தலை, 68 கால். "எல்லாரும் ஆறு காலை ஊன்றட்டும் அப்பா, சிலந்தி மட்டும் இரண்டைத் தூக்கட்டும்." தரையில் 60, மேலே 8, சிலந்தி 4.

பயிற்சியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் மூன்று படியில் "இரண்டால் பெருக்கு" என்று இருக்கிறது. எறும்புக்கும் சிலந்திக்கும் அது உதவாதே? ஆட்டோவுக்குக்கூட மிச்சத்தை இரண்டால் வகுத்தால் தவறாகிவிடும். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பயிற்சியாளர் (கோவை) | திங்கள் இரவு

உதவாது. ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நான் தனியாக இன்னொரு சூத்திரம் சொல்லித் தருகிறேன். எத்தனை சூத்திரம் ஆகும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் 96 விநாடி அப்படியேதான் இருக்கிறது.

பெருந்துறையான் (நியூ ஜெர்சி) | செவ்வாய்

பிறந்து வளர்ந்தது பெருந்துறை. என் மகன் இங்கே நான்காம் வகுப்பு. அந்த 96 விநாடியைப் பற்றி எனக்கும் நெடுநாள் யோசனை உண்டு.

25 வினா, 40 நிமிடம் என்பது அமெரிக்காவின் ஏ.எம்.சி. 8 தேர்வின் அளவு. எட்டாம் வகுப்பும் அதற்குக் கீழும் படிப்பவர்கள் எழுதலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் எல்லாப் போட்டியும் அப்படி இல்லை. கங்காரு போட்டி 1991-ல் பிரான்சில் தொடங்கியது. ஆஸ்திரேலியப் போட்டி ஒன்றைப் பார்த்து ஆரம்பித்ததால் அந்தப் பெயர். இங்கே ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை 24 வினாவுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். வினாவுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்காக நடக்கும் இன்னொரு ஒலிம்பியாடில் ஒரு தாளில் வெறும் 5 கணக்கு, 30 நிமிடம். ஆண்டுக்கு ஐந்து தாள். ஒரு கணக்கோடு ஆறு நிமிடம் இருக்கலாம்.

இதன் உச்சியில் இருப்பது சர்வதேச கணித ஒலிம்பியாட். 1959-ல் ருமேனியாவில் தொடங்கியது, இந்தியா 1989 முதல் கலந்துகொள்கிறது, 1996-ல் மும்பையிலேயே நடந்தது. அங்கே இரண்டு நாளில் ஆறே கணக்கு, நாளுக்கு நான்கரை மணி நேரம். ஒரு கணக்குக்கு 90 நிமிடம்! ஐந்தாம் வகுப்பில் 96 விநாடிக்குப் பழக்கிய மூளை பதினேழு வயதில் 90 நிமிடம் ஒரே கணக்கின் முன் பொறுமையாக உட்காருமா? என் கவலை இதுதான். வேகம் பிறகு வரும். ஒரு கணக்கோடு உட்காரும் பழக்கத்தைச் சிறு வயதில் கெடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி) | செவ்வாய் இரவு

என் பங்குக்கு ஒன்று. இது தாளில் படித்த கணக்கு இல்லை, பட்ட கணக்கு.

தென்னைக்கு 25 அடி இடைவெளி விடுவது வழக்கம். ஏக்கருக்குச் சுமார் 70 மரம் வரும். சில ஆண்டுகளுக்கு முன் வரப்போரமாக 250 அடி நீளத்தில் ஒரே வரிசை நட நினைத்தேன். 250-ஐ 25-ஆல் வகுத்து 10 கன்று வாங்கி வந்தேன். குழி எடுக்க வந்த பெரியவர் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என்று அளந்து 11 குழி எடுத்துவிட்டார். நான் அவரிடம் வாதாடினேன். அவர் கையை விரித்துக் காட்டினார். "விரல் எத்தனை சாமி? சந்து எத்தனை?" விரல் ஐந்து, சந்து நான்கு. நான் வகுத்துக் கண்டது சந்துகளை, நட வேண்டியது விரல்களை.

போட்டித் தாளில் இது பல வேடத்தில் வரும். மரத்தை ஐந்து துண்டாக அறுக்க எத்தனை அறுப்பு, மாடிப்படி, விளக்குக் கம்பம். கடிகாரம் ஆறு மணி அடிக்க 5 விநாடி ஆனால் பன்னிரண்டு மணி அடிக்க எத்தனை விநாடி? பத்து என்று கை தானாக எழுதும். ஆறு அடிக்கு ஐந்து சந்து, பன்னிரண்டு அடிக்குப் பதினொரு சந்து, ஆகவே 11. ஆனால் வட்டமான குட்டையைச் சுற்றி மரம் நட்டால் மரமும் சந்தும் சமம். ஏன் என்று பிள்ளையைக் கேளுங்கள். விரித்த விரல்களை வட்டமாக வளைத்து, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஐந்தாவது சந்து உண்டாவதைப் பார்க்கச் சொன்னால் போதும்.

முட்டைக்கணக்கு (நாமக்கல்) | புதன்

சுருக்கமாக. "கூடையில் உள்ள முட்டைகளை 2, 3, 4, 5, 6 என எப்படி அடுக்கினாலும் 1 மிச்சம். 7-ஆக அடுக்கினால் மிச்சமில்லை. குறைந்தது எத்தனை முட்டை?" மீச்சிறு பொது மடங்கு 60 என்று புத்தகம் தொடங்கும். எங்கள் கோழிப்பண்ணைப் பிள்ளைகள் வேறு மாதிரி பார்த்தார்கள். முட்டை அட்டை ஒன்றுக்கு 30. இரண்டு அட்டை 60, அது 2, 3, 4, 5, 6 எல்லாவற்றிலும் சரியாகப் பிரியும். ஆக இரண்டிரண்டு அட்டையாக வைத்து, மேலே ஒரு முட்டை. 61, 121, 181, 241, 301. ஏழில் பிரிவது 301. பத்து அட்டையும் ஒரு முட்டையும்.

மார்கழிக்கோலம் (கோபி) | புதன் இரவு

இந்த இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று தயங்கினேன். நான் கணக்கு ஆசிரியை இல்லை, வீட்டில் இருப்பவள். ஆனால் என் மகன் கொண்டுவந்த தாளில் ஒரு வினாவைப் பார்த்ததும் இது நான் தினமும் போடுவதாயிற்றே என்று தோன்றியது.

"1 + 3 + 5 + 7 + 5 + 3 + 1 எவ்வளவு? கூட்டாமல் சொல்."

இது ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்று வரை. மார்கழியில் வாசலில் வைக்கும் கோலம். புள்ளி 25 என்று எனக்குத் தெரியும். ஏன் 25 என்று அதுவரை நினைத்ததில்லை. மகனோடு சாணி தெளித்த வாசலில் புள்ளி வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தோம். நேராகப் பார்த்தால் 1, 3, 5, 7. மூலைவாட்டில் பார்த்தால் கதையே வேறு. நான்கு புள்ளி உள்ள வரிசை நான்கு. அவற்றுக்கு இடையில் மூன்று புள்ளி உள்ள வரிசை மூன்று. பெரிய சதுரத்தில் 16, அதன் இடுக்குகளில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சதுரத்தில் 9. இரண்டும் சேர்ந்து 25. அவன் பெரிய சதுரத்தின் புள்ளிகளில் செங்கல் பொடியும் சின்னதில் வெள்ளைப் பொடியும் வைத்தான். அப்போதுதான் எனக்கும் முழுதாகத் தெரிந்தது.

பிறகு ஒன்பது புள்ளிக்குக் கேட்டேன். எண்ணாமலே 25-ம் 16-ம், 41 என்றான். பதினொன்றுக்கு 61. இடைப்புள்ளிக் கோலத்தையும் எடுத்தோம். ஏழு புள்ளி நான்கு வரை: 4, 5, 6, 7, 6, 5, 4. அதில் நடுப்புள்ளி ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, அதைச் சுற்றிப் பதினெட்டு. மொத்தம் 37. இருபது ஆண்டுகளாகப் போடுகிறேன். அதற்குள் இத்தனை இருக்கிறது என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

சாக்பீஸ் (அந்தியூர்) | புதன் இரவு

அம்மா, நீங்கள் இனி தயங்காதீர்கள். தொடர்ந்த ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து கூட்டினால் சதுர எண் வரும் என்று நான் பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். நாளைக் காலை பள்ளி முற்றத்தில் புள்ளி வைக்கப் போகிறேன்.

டிசம்பர் 22 தேசியக் கணித நாள். இராமானுஜன் 1887-ல் அன்றுதான் நம் ஈரோட்டில் பிறந்தார். 2012 முதல் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போட்டு, 1729 என்று பேச்சுப் போட்டி வைத்து முடித்துவிடுவது எனக்குக் கசப்பாக இருக்கும். போன ஆண்டு ஐந்தாம் வகுப்பில் பேச்சைத் தவிர்த்து, 1 முதல் 12 வரை ஒவ்வோர் எண்ணையும் தன்னோடு மூன்று முறை பெருக்கிப் பட்டியல் எழுதச் சொன்னேன். 1, 8, 27, 64, 125 என்று 1728 வரை. பிறகு, "இதில் இரண்டை எடுத்துக் கூட்டு. இன்னொரு ஜோடியைக் கூட்டினாலும் அதே எண் வர வேண்டும். தேடு" என்றேன். ஒரு பிரிவேளை முழுக்கத் தேடினார்கள். மணி அடிக்கும் நேரத்தில் கடைசி பெஞ்சில் ஒரு பெண் 1000-ஐயும் 729-ஐயும் பிடித்தாள். பக்கத்தில் இருந்தவன் 1728-ம் ஒன்றும் என்று கத்தினான். இரண்டு ஜோடிக்கும் வரும் 1729-க்கு இராமானுஜன் எண் என்று பெயர் என்பதை அதன் பிறகுதான் சொன்னேன்.

பயிற்சியாளர் (கோவை) | வியாழன்

கோலத்தை இன்று என் வகுப்பில் வைத்துப் பார்த்தேன். குழந்தைகள் எழுந்து போக மறுத்தார்கள். அதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாக இருக்காது.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். வாய்ப்பாடு பதினாறு வரை நாக்கு நுனியில் இருக்க வேண்டும். சிலந்தி எத்தனை என்று அழகாகக் கண்டுபிடித்த குழந்தை 68-ல் 60 போக எவ்வளவு என்று விரல் விட்டால், கண்டுபிடித்தது பாதியில் அறுந்துவிடும். தினமும் பத்து நிமிடம் மனக்கணக்கு வேண்டும். போட்டியன்று முதல் சுற்றில் தெரிந்ததைப் போட்டுவிட்டு, யோசிக்க வேண்டியதை வட்டமிட்டு, இரண்டாம் சுற்றில் அதற்கு வர வேண்டும். அப்போதுதான் ஒரு கணக்குக்கு ஆறு நிமிடம் மிச்சமாகும். பெருந்துறையார் கேட்ட ஆறு நிமிடத்தை இந்தத் தாளுக்குள்ளேயே உண்டாக்கலாம்.

சாக்பீஸ் (அந்தியூர்) | வியாழன்

வாய்ப்பாட்டில் உங்கள் பக்கம்தான் நான்.

நொய்யல்கரை (திருப்பூர்) | சனி இரவு

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது. தாராபுரத்திலிருந்து என் மாமியார் வந்திருக்கிறார். வயது 74. பள்ளிக்கூடம் போனது ஐந்து வரை. நாங்கள் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று பேத்தியிடம், "அம்மிணி, நான் ஒன்று போடட்டுமா?" என்றார்.

"ஒருவன் கொஞ்சம் பூ எடுத்துக்கொண்டு அவிநாசி, பவானி, கொடுமுடி என்று மூன்று கோயிலுக்குப் போனான். ஒவ்வொரு கோயிலுக்கு முன்னாலும் ஒரு குளம். குளத்தில் பூவை முக்கினால் இரண்டு மடங்காகிவிடும். மூன்று கோயிலிலும் ஒரே அளவு பூ வைத்தான். கடைசிக் கோயிலில் வைத்ததும் கையில் ஒன்றும் மிச்சமில்லை. எத்தனை பூ கொண்டு போனான், எத்தனை வைத்தான்?"

நான் உடனே தாளை எடுத்தேன். எக்ஸ் பூ, ஒய் வைத்தது. இரட்டித்துக் கழித்து, இரட்டித்துக் கழித்துக் கடைசியில் எட்டு எக்ஸ் சமம் ஏழு ஒய் என்று வந்தது. ஒரு சமன்பாடு, தெரியாதவை இரண்டு. அங்கேயே நின்றுவிட்டேன். என் மகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வழிதான், ஏழாவது முயற்சியில் வந்திருக்கும்.

"கொடுமுடியிலிருந்து திரும்பி வா" என்றார் மாமியார். "வைத்தது ஒரு பங்கு என்று வைத்துக்கொள். கொடுமுடியில் வைக்கும்போது கையில் ஒரு பங்கு. குளத்தில் முக்குவதற்கு முன் அரை. அதற்கு முன் பவானியில் ஒரு பங்கு வைத்திருக்கிறான், ஆக ஒன்றரை. முக்குவதற்கு முன் முக்கால். அவிநாசியில் வைத்த ஒரு பங்கைச் சேர், ஒன்றே முக்கால். அதில் பாதி?"

நான் 0.875 என்று கைப்பேசியில் தட்டுவதற்குள், "முக்காலே அரைக்கால்" என்றார். கத்தி நிற்கவே இல்லை. மகள் "அரைக்கால் என்றால் என்ன அம்மிச்சி?" என்று கேட்டாள். "காலில் பாதி. எட்டில் ஒன்று. முக்கால் என்பது ஆறு அரைக்கால். அதோடு இன்னொன்று, ஏழு அரைக்கால். பங்குக்கு எட்டுப் பூ, அவன் கொண்டு போனது ஏழு."

ஏழு, பதினான்கு, எட்டு வைத்தால் ஆறு, பன்னிரண்டு, எட்டு வைத்தால் நான்கு, எட்டு, எட்டு வைத்தால் ஒன்றுமில்லை. மகள் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுக் கை தட்டினாள். இதை யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன். "எங்கள் அப்புச்சி சந்தைக்கு மாடு ஓட்டிப் போகும்போது வழியில் கேட்பார்" என்றார். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளில் இவரிடம் நான் கணக்குப் பேசியதே இல்லை. மனம் நெகிழ்ந்துவிட்டது.

பெருந்துறையான் (நியூ ஜெர்சி) | ஞாயிறு

பின்னாலிருந்து வருவது என்று இங்கே இதைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். என் அப்பாருவும் அரைக்கால், வீசம் என்று பேசுவார். நான் காது கொடுக்கவில்லை. இன்று அவர் இல்லை. அந்தச் சொற்களை யாராவது முழுதாக எழுதுங்கள், என் மகனுக்குச் சொல்ல வேண்டும்.

சாக்பீஸ் (அந்தியூர்) | ஞாயிறு

கால் 1/4. அரைக்கால் 1/8. வீசம் 1/16, அதையே மாகாணி என்றும் சொல்வார்கள். இவை பாதி பாதியாக இறங்கும் வரிசை. இன்னொரு வரிசை இருபதில் தொடங்கும்: மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரி நான்கு சேர்ந்தால் ஒரு காணி, காணி நான்கு ஒரு மா, மா ஐந்து ஒரு கால். இந்த மூன்று வாக்கியத்தையே ஒரு கணக்காகக் கேட்கலாம்: ஒரு காலுக்கு எத்தனை முந்திரி? நான்கு நான்கு பதினாறு, ஐந்தால் பெருக்கினால் 80.

பின்னத்தைக் கூட்டப் பகுதி எண்ணைச் சமமாக்கு என்று நாம் ஆறு மாதம் போராடுகிறோம். முக்காலே அரைக்கால் என்று சொன்ன நாக்கு அதை ஏற்கெனவே செய்துவிட்டது.

நொய்யல்கரை (திருப்பூர்) | நான்கு வாரம் கழித்து

போட்டி முடிந்தது. 25-ல் 17 போட்டாள், அதில் 15 சரி. பரிசு இல்லை. வெளியே வந்ததும் எட்டு விட்டுப்போயிற்று என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். வண்டியில் ஏறியதும், "அப்பா, நாலு கோயில் என்றால் என்ன ஆகும்?" என்று கேட்டாள். தேர்வறையில் கடைசி ஐந்து நிமிடம் அதைத்தான் யோசித்தாளாம். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன் வந்திருக்கும்.

அவிநாசி சாலை நெரிசலில் அவளே போட்டாள். மூன்று கோயிலுக்கு முக்காலே அரைக்கால். அதோடு ஒரு பங்கு சேர், ஒன்றே முக்காலே அரைக்கால். அதில் பாதி. பாதியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பதினாறில் பதினைந்து என்றாள். 15 பூ, கோயிலுக்கு 16. சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மிச்சிக்குத் தொலைபேசியில் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து, "அது முக்காலே மூன்று வீசம் அம்மிணி" என்று குரல் வந்தது.

வேலை முக்காலே மூன்று வீசம் முடிந்துவிட்டது என்று நான் தினமும் நிறுவனத்தில் சொல்கிறேன். முக்கால் பன்னிரண்டு வீசம், அதோடு மூன்று, பதினைந்து வீசம். முழுசுக்கு ஒரே ஒரு வீசம்தான் குறைவு என்று என் நாற்பது வயதில் இன்றுதான் தெரிகிறது.

இப்போது ஐந்து கோயிலுக்குப் பெயர் என்ன என்று கேட்கிறாள். 31 பூ, 32 வைத்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள். பெயர்தான் தெரியவில்லை. அத்தை தூங்கப் போய்விட்டார். யாராவது சொல்லுங்கள்.

சாக்பீஸ் (அந்தியூர்) | அன்று இரவு

வீசத்தில் பாதிக்கு அரைவீசம் என்று பெயர். அதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். மிச்சத்தை அவளே வைத்துக்கொள்வாள்.